ஒருவர் தும்மினால் ஏழு பேரும் படுக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான்: "ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டுக்குள் சளியும் காய்ச்சலும் நுழைந்துவிடுகிறது. தை முடியும் வரை ஒருவர் மாற்றி ஒருவர் படுக்கிறோம். வீட்டில் ஏழு பேர். மாமனாருக்கு 72 வயது, சர்க்கரை உண்டு. மாமியார், கணவர், கொழுந்தனார், நான், 8 வயதுப் பையன், 3 வயதுப் பெண். மழையில் நனைய விடுவதில்லை. தயிர், வாழைப்பழம், ஐஸ்கிரீம் எல்லாம் நிறுத்தியாயிற்று. வாரம் இரண்டு முறை கசாயம். அப்படியும் ஏன் வருகிறது? தடுக்கவே முடியாதா?"

முழுசாகத் தடுக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னக் குழந்தைகளுக்கு வருடத்துக்கு ஆறு, எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம். அது உங்கள் வளர்ப்பில் உள்ள குறை கிடையாது. ஆனால் ஏழு பேரும் வரிசையாகப் படுப்பதை இரண்டு மூன்று பேரோடு நிறுத்தலாம். மாமனார் வரை போகாமல் பார்த்துக்கொள்ளவும் பெரும்பாலும் முடியும். டெல்டாவில் ஒரு சின்ன ஊரில் 20 வருடத்துக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். அடைமழை மாதங்களில் என்னிடம் வருகிறவர்கள் தனி ஆளாக வருவதே குறைவு. அம்மா, மடியில் ஒன்று, கையில் ஒன்று, பின்னால் இருமிக்கொண்டே பாட்டி. ஒரே சீட்டில் நான்கு பேருக்கு எழுதச் சொல்வார்கள்.

நீங்கள் செய்வதாகச் சொன்னவற்றை மறுபடி ஒரு தடவை படித்துப் பாருங்கள். வாய்க்குள் என்ன போகிறது, தலையில் என்ன படுகிறது, இந்த இரண்டைப் பற்றித்தான் எல்லாமே இருக்கிறது. யார் பக்கத்தில் யார் படுக்கிறார்கள், வாஷ்பேசின் பக்கத்துத் துண்டை எத்தனை பேர் எடுக்கிறார்கள், ராத்திரி ஜன்னல் திறந்திருக்கிறதா என்று ஒரு வரிகூட இல்லை. சளி தயிரில் இருந்து வருவதில்லை. இன்னொருவர் மூக்கில் இருந்து வருகிறது. தடுப்பு வேலையை அங்கேதான் தொடங்க வேண்டும்.

சளிக்கும் ஃப்ளூவுக்கும் உள்ள வித்தியாசத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண சளியைக் கொண்டுவரும் வைரஸ்கள் 200க்கும் மேல். அதில் பெரிய கூட்டம் ரைனோ வைரஸ்; அதிலேயே 160க்கும் மேற்பட்ட வகைகள். ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தாலும் அடுத்தது கதவைத் தட்டும். சளிக்குத் தடுப்பூசி இல்லாததற்கு இதுதான் முக்கியக் காரணம். ஃப்ளூ, அதாவது இன்ஃப்ளூயன்சா, வேறு ஜாதி. திடீரென்று காய்ச்சல், அடித்துப்போட்டது போல உடம்புவலி, வறட்டு இருமல். சளி மெல்ல மெல்ல ஏறும். ஃப்ளூ வந்தவர் "நேற்று மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கியது டாக்டர்" என்று மணி சொல்லுவார். காஷ்மீரில் ஃப்ளூ ஏறுவது பனிக்காலத்தில். சென்னை, வேலூர் பக்கமெல்லாம் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து ஏறுகிறது. நம் ஊர்க் 'குளிர்காலம்' என்று நான் சொல்வது இந்த ஐப்பசி முதல் தை வரையிலான காலத்தைத்தான்.

சரி, மூக்கில் இருந்து மூக்குக்கு எப்படிப் போகிறது? இதைக் கண்டுபிடிக்க எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எலியட் டிக் என்பவரும் அவர் கூட்டாளிகளும் செய்த சீட்டாட்டச் சோதனை. ரைனோ வைரஸ் சளி பிடித்தவர்களையும் நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களையும் ஒரே அறையில், ஒரே மேசையில் 12 மணி நேரம் போக்கர் ஆட விட்டார்கள். ஆரோக்கியமானவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் கையால் முகத்தைத் தொடவே முடியாதபடி தடை மாட்டியிருந்தார்கள். கை வழியாகத்தான் பரவுகிறது என்றால் இவர்கள் தப்பித்திருக்க வேண்டும் அல்லவா? தப்பவில்லை. தடை மாட்டிய 18 பேரில் 10 பேருக்குத் தொற்று. மாட்டாத 18 பேரில் 12 பேருக்கு. பெரிய வித்தியாசமே இல்லை. அப்புறம் அந்தச் சளி பிடித்த கைகளில் புரண்ட சீட்டுக்கட்டையும் காய்களையும் அப்படியே வேறு அறைக்குக் கொண்டுபோய், ஆரோக்கியமான 12 பேரை அதை வைத்து இன்னொரு 12 மணி நேரம் ஆடச் சொன்னார்கள். அடிக்கடி மூக்கையும் கண்ணையும் தொடவும் சொன்னார்கள். ஒருவருக்குக்கூட வரவில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்போ கை கழுவ வேண்டாமா?" என்று கேட்டுவிடாதீர்கள். 1970களில் வர்ஜீனியாவில் செய்த சோதனையில் சளி பிடித்தவர் மூக்கைத் துடைத்த கையை ஆரோக்கியமானவர் சில நொடிகள் பிடித்துவிட்டு, அந்த விரலைத் தன் மூக்கிலும் கண்ணிலும் வைத்தார். 15 பேரில் 11 பேருக்குத் தொற்றியது. ஈரக் கை, உடனே முகம் என்றால் வண்டி ஓடும். காய்ந்துபோன சீட்டுக்கட்டு என்றால் ஓடாது. ஃப்ளூ வைரஸ் ஸ்டீல், பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பான இடங்களில் ஒரு நாள், இரண்டு நாள்கூட இருக்கும், ஆனால் கையில் வந்து ஒட்டியபின் ஐந்து நிமிடம்தான் தாங்கும். அந்த ஐந்து நிமிடத்தில் நாம் எத்தனை முறை முகத்தைத் தொடுகிறோம் என்பதுதான் கேள்வி. சிட்னியில் வகுப்பில் உட்கார்ந்திருந்த மருத்துவ மாணவர்களைப் படம் பிடித்து எண்ணியபோது மணிக்குச் சராசரி 23 முறை வந்தது. தொற்றைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே அப்படி!

ஆகக் காற்று, கை, இரண்டும் வழி. ஆனால் நம் வீடுகளில் கையைப் பற்றியாவது பேசுகிறோம். காற்றைப் பற்றிப் பேசுவதே இல்லை.

மழைக்கு வருகிறேன், இல்லையென்றால் உங்கள் மாமியார் என்னைச் சும்மா விடமாட்டார். நனைந்தால் சளி பிடிக்குமா? இங்கிலாந்தில் சால்ஸ்பரி என்ற ஊரில் சளியை ஆராய்வதற்கென்றே 1946 முதல் 40 வருடத்துக்கு மேல் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடந்தது. தாங்களாக முன்வந்தவர்களை வெந்நீரில் குளிக்க வைத்து, துவட்டாமல், காற்று வீசும் நடையில் அரை மணி நேரம் நடுங்க விட்டுப் பார்த்தார்கள். வைரஸ் கொடுக்காதவர்களுக்கு வெறும் நடுக்கத்தால் சளி வரவில்லை. அதோடு கதை முடிந்தது என்றுதான் நாங்களும் படித்தோம். ஆனால் 2005இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃபில் 180 பேரை எடுத்து, பாதிப் பேரை 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் காலை வைக்கச் சொன்னார்கள். அடுத்த நான்கைந்து நாளில் அந்த 90 பேரில் 13 பேர் சளி என்றார்கள்; காலை நனைக்காத 90 பேரில் 5 பேர். மூக்கில் ஏற்கெனவே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் வைரஸுக்கு, குளிரில் மூக்கின் ரத்த ஓட்டம் சுருங்குவது வசதியாகிவிடுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். எனவே பாட்டிகள் முழுத் தப்பும் இல்லை, முழுச் சரியும் இல்லை. மழையில் வைரஸ் கிடையாது. நனைந்து வந்த பிள்ளைக்குத் தலையைத் துவட்டி உடை மாற்றிவிடுங்கள், அது போதும். அதற்குப் பயந்து கதவு ஜன்னலை எல்லாம் அடைத்து ஏழு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தால், சின்ன ஆபத்தில் இருந்து தப்பிப் பெரிய ஆபத்தில் விழுகிறீர்கள்.

அந்த அறையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் போன கார்த்திகையில் ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல் என்று கூப்பிட்டு நான் போன வீடு, உங்கள் வீட்டுக்கு அண்ணன் தம்பி என்று நினைக்கிறேன். மணி ஏழு. வெளியே மழை. கொசு வரும் என்று ஐந்தரைக்கே எல்லா ஜன்னலும் சாத்தியாயிற்று. உள்ளே டிவி ஓடுகிறது. தரையில் பாயை விரித்து மூன்று பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள், ஒன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அதன் அம்மா முந்தானையால் அந்த மூக்கைத் துடைத்தார். இரண்டு நிமிடம் கழித்து அதே முந்தானையால் பக்கத்துப் பிள்ளையின் வாயில் ஒட்டியிருந்த தோசைத் துணுக்கையும் துடைத்தார். மூலையில் கொசுவத்தி. பூஜை அறையில் இருந்து சாம்பிராணி. தாத்தா ஈஸிசேரில், பேரன் தலைக்கு இரண்டு அடி தூரத்தில். மேலே ஃபேன் சுற்றுகிறது, அதனால் காற்று வருகிறது என்று எல்லோருக்கும் திருப்தி. ஃபேன் புதுக் காற்றைக் கொண்டுவராது. இருக்கிற காற்றைக் கலக்கும், அவ்வளவுதான். ஏசியும் அப்படியே. நம் வீடுகளில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி உள்ளே உள்ள காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது.

மூடிய இடத்துக் காற்று என்ன செய்யும் என்பதற்கு 1977இல் அலாஸ்காவில் நடந்த ஒன்றை எங்கள் பாடப்புத்தகக்காரர்கள் விடாமல் சொல்வார்கள். 54 பேர் ஏறிய ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் மணிக்கணக்கில் தரையிலேயே நின்றது. காற்றோட்ட ஏற்பாடு ஓடவில்லை. உள்ளே ஒரே ஒருவருக்கு ஃப்ளூ. பயணம் செய்தவர்களில் 72 சதவீதம் பேர் மூன்று நாளுக்குள் படுத்துவிட்டார்கள். மழைக்குக் கண்ணாடி ஏற்றிய டவுன் பஸ், மாலை போட்ட 14 பேர் சபரிமலைக்குப் போகும் வேன், ராத்திரி முழுக்க ஓடும் ஏசி ஆம்னி பஸ், கல்யாண மண்டபத்து ஏசி ஹால். எல்லாமே அந்த விமானத்தின் ஒன்றுவிட்ட தம்பிகள்தான். நானும் யோக்கியன் கிடையாது. என் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு 2016இல் ஆசைப்பட்டு ஏசி மாட்டி ஜன்னலைச் சாத்தினேன். அந்த மழைக்காலத்தில் என்னிடம் கால் வலிக்கு வந்தவர்கள் நான்கு நாள் கழித்து இருமலோடு வந்தார்கள். இப்போது அந்த ஏசி வெறும் அலங்காரம். வாசல் திண்ணையில் பெஞ்ச் போட்டிருக்கிறேன்.

ஜன்னலைத் திறந்தால் கொசு, கொசு வந்தால் டெங்கு என்பீர்கள். நியாயம்தான், மழைக்காலத்தில் இது விளையாட்டு விஷயம் இல்லை. அதற்கு வழி ஜன்னலுக்கு வலை அடிப்பது. வெல்க்ரோ வைத்து ஒட்டும் வலை கடையில் அளவுக்கு வெட்டித் தருகிறார்கள். எதிரெதிராக இரண்டு ஜன்னல், அல்லது ஒரு ஜன்னலும் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனும் போதும். நாலு விரல் திறப்புகூட மூடியதற்கு எவ்வளவோ மேல். சாம்பிராணி போட வேண்டும் என்றால் போடுங்கள், ஆனால் கதவைத் திறந்து வைத்து. குழந்தைக்குத் தலை காய வைக்கிறேன் என்று மூடிய அறையில் புகை போடுவது மூக்கின் உள்தோலைப் புண்ணாக்கி, வைரஸுக்கு வரவேற்புக் கோலம் போடுகிற வேலை.

இனி நான் மிக முக்கியம் என்று நினைப்பது. வீட்டுக்குள் பரவுவதைத் தடுக்க முடியுமா என்று ஹாங்காங்கில் நூற்றுக்கணக்கான குடும்பங்களை வைத்து 2008இல் பார்த்தார்கள். ஃப்ளூ வந்த ஒருவர் உள்ள வீடுகளில் சிலருக்கு மாஸ்க்கும் கை சுத்தமும் சொல்லிக்கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தபோது பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் முதல் ஆளுக்கு அறிகுறி தொடங்கி 36 மணி நேரத்துக்குள் ஆரம்பித்த வீடுகளில் மட்டும் பிரித்துப் பார்த்தபோது பரவல் நன்றாகவே குறைந்திருந்தது. காரணம் ஃப்ளூவின் கணக்கு. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். நாம் எப்போது விழித்துக்கொள்கிறோம்? மூன்றாம் நாள். "சாதாரண சளிதானே" என்று இரண்டு நாள் ஓட்டிவிட்டு, காய்ச்சல் 102 தொட்டதும் டாக்டரிடம் ஓடி, மாத்திரை வாங்கி, அதன் பிறகு பிள்ளையைத் தனியாகப் படுக்க வைக்கிறோம். அதற்குள் அது பாட்டிக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகவே முதல் தும்மலையே மணி அடித்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். பையன் பள்ளிக்கூடத்தில் இருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த அன்று சாயங்காலமே, காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, மூன்று விஷயம். தாத்தாவின் அறைக்குள் அவன் போகக் கூடாது; கதை கேட்பது, மடியில் உட்காருவது எல்லாம் ஐந்தாறு நாளைக்கு வாசல்படியோடு. அவனுக்குத் தனித் துண்டு, தனி டம்ளர், முடிந்தால் ஜன்னல் பக்கம் தனிப் படுக்கை. அவனைப் பார்த்துக்கொள்வது ஒரே ஒருவர், நீங்களோ உங்கள் கணவரோ. நாலு பேர் மாற்றி மாற்றி நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். பார்த்துக்கொள்கிறவர் மாமனாருக்குச் சாப்பாடு பரிமாறப் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று வயதுப் பெண்ணைத் தனியாக வைக்க முடியாது, அது எனக்கும் தெரியும். அவளுக்கு வந்தால் அம்மாவுக்கு வருவது பெரும்பாலும் விதி. அங்கே தாத்தாவைத் தள்ளி வைப்பதுதான் காரியம்.

பெரியவர்கள் மனம் நோகும். "பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாதா?" என்பார். சர்க்கரை உள்ள 72 வயதுக்காரருக்கு ஃப்ளூ நிமோனியாவாக மாறுவதை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார் என்றால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள், அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்.

மாஸ்க் யார் போட வேண்டும்? இருமுகிறவர். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தால் பார்த்துக்கொள்கிறவர். மூக்கைத் திறந்துவிட்டுத் தாடையில் தொங்கவிடுவதற்குப் போடாமலே இருக்கலாம்.

பழைய பழக்கங்களில் சில தங்கமானவை. டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது அதில் ஒன்று. எச்சில் பார்ப்பது என்று கேலி செய்து விட்டுவிட்டோம். வெளியே போய்விட்டு வந்தால் வாசலில் சொம்புத் தண்ணீரில் கை கால் கழுவிய பிறகுதான் உள்ளே வர வேண்டும் என்பது இன்னொன்று. அதில் ஒரு சோப்பை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கராச்சியின் நெருக்கமான குடிசைப் பகுதிகளில் வீடு வீடாகச் சோப்புக் கொடுத்துக் கை கழுவப் பழக்கியபோது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்தது. 2005இல் வெளிவந்த முடிவு. விலை உயர்ந்த சோப்பு வேண்டாம், அங்கே சாதாரண சோப்பும் கிருமிநாசினி சோப்பும் ஒரே பலனைத்தான் கொடுத்தன. 20 நொடி தேய்க்க வேண்டும். முந்தானைக்குப் பதில் பழைய வேட்டியைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து வைத்து, ஒரு மூக்குக்கு ஒரு துணி, துடைத்ததும் மூடியுள்ள வாளியில் போட்டு சாயங்காலம் சோப்புத் தண்ணீரில் அலசிவிடலாம். டிஷ்யூ பெட்டி வாங்க வசதியிருந்தால் சரி, இல்லாவிட்டால் இதுவே போதும்.

பள்ளிக்கூடம் ஒரு தலைவலி. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வரும், காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மாத்திரை காய்ச்சலை இறக்கும், பரவுவதை நிறுத்தாது. மருந்து இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுசாக ஆன பிறகு அனுப்புங்கள். 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் விடுமுறையே விட்டார்கள். ஊருக்கே ஓர் அரசாங்கம் அதைச் செய்ய முடியும் என்றால், ஒரு பிள்ளைக்கு ஓர் அம்மா மூன்று நாள் செய்யலாம். அலுவலகம் போகிறவர்களுக்கும் இதேதான். 'காய்ச்சலோடு வந்து வேலை பார்த்தான்' என்று ஒருவரைப் புகழ்வதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

'தடுக்கவே முடியாதா' என்று கேட்டீர்கள் அல்லவா, ஒரு சேதி. கொரோனாவுக்காக மாஸ்க் போட்டு, விலகி இருந்து, பள்ளிகளை மூடிய 2020, 2021இல் உலகின் பெரும்பாலான இடங்களில் ஃப்ளூ கிட்டத்தட்டக் காணாமல் போனது. ஃப்ளூ பி வைரஸில் யமகாட்டா என்று ஒரு கிளை இருந்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது உறுதியாக எங்குமே தென்படவில்லை. தடுப்பூசியில் இருந்தே அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். யாரும் அதை ஒழிக்கக் கிளம்பவில்லை. நாம் வீட்டோடு இருந்ததில் போகிற போக்கில் போய்விட்டது. அப்படி மறுபடி வாழ முடியாது, வேண்டவும் வேண்டாம். ஆனால் பரவாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது நமக்குத் தெரியாத ரகசியம் கிடையாது.

கசாயம், ஆவி, வைட்டமின் எல்லாம் எங்கே என்று தேடுகிறீர்களா? மிளகு ரசமும் தூதுவளைத் துவையலும் கற்பூரவள்ளியும் தொண்டைக்கு இதமானவை, நானே குடிக்கிறேன். அடுத்தவருக்குப் பரவுவதை அவை தடுப்பதாக எந்த நம்பகமான ஆதாரமும் இல்லை. வைட்டமின் சி தினமும் விழுங்கினாலும் சாதாரண ஆட்களுக்குச் சளி வரும் எண்ணிக்கை குறைவதில்லை, வந்தது சற்றுச் சீக்கிரம் போகலாம். ஆவி பிடிப்பது மூக்கைக் கொஞ்சம் திறக்கும், வைரஸைக் கொல்லாது. சின்னப் பிள்ளைகளைக் கொதிக்கும் பாத்திரத்தின் முன் போர்வையைப் போட்டு உட்கார வைக்காதீர்கள், வெந்துபோன தொடைகளுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். இருமலுக்குத் தேன் நல்லது, ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கூடவே கூடாது. பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எளிமையாக ஒன்று உண்டு: கொப்பளிப்பது. ஜப்பானில் 387 பேரை வைத்து 60 நாள் பார்த்ததில், தினமும் மூன்று வேளை வெறும் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளித்தவர்களுக்கு மூச்சுப்பாதைத் தொற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அயோடின் மருந்தால் கொப்பளித்தவர்களுக்கு அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரே ஒரு ஆய்வு, அதை வைத்துச் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் காசு செலவில்லை, கெடுதலும் இல்லை.

தூக்கத்தை மறந்துவிட்டேன். அமெரிக்காவில் 164 பேருக்கு ஒரு வாரம் தூக்கத்தை அளந்துவிட்டு மூக்கில் ரைனோ வைரஸ் சொட்டு விட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்கு சளி வந்தது. மார்கழியில் நாலு மணிக்கு எழுந்து கோலம் போடுகிறவர்கள் பத்து மணிக்கு டிவியை நிறுத்துங்கள்.

மெடிக்கலில் கேட்டு அசித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே இதைப் பற்றி அறிக்கை விட்டது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். மழைக்காலத்தில் டெங்குவும் கூடவே அலைவதால் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை எதையும் நீங்களாகத் தொட வேண்டாம். மூக்கு ஒழுகாமல் வெறும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்தால் டெங்குவை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாமனாருக்குக் காய்ச்சல் தொடங்கினால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஃப்ளூவுக்கு ஒசல்டாமிவிர் என்று மருந்து இருக்கிறது, முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். சின்னவளுக்கு நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள்: அவள் அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால், விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், உதடு நீலம் பாரித்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிதான்.

கடைசியாகத் தடுப்பூசி. இது ஃப்ளூவுக்கு மட்டும், சளிக்கு இல்லை. ஊரில் சுற்றும் வைரஸோடு நன்றாகப் பொருந்திய வருடத்தில் 40 முதல் 60 சதவீதம் வரை காக்கும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும், ஏழு பேருக்குப் போடுவது எல்லா வீட்டிலும் நடக்காது. யாருக்கு முதலில்? மாமனாருக்கு என்பீர்கள். சரிதான், அவருக்குக் கட்டாயம். ஆனால் அடுத்த இடம் பிள்ளைகளுக்கு. கனடாவில் ஹட்டரைட் என்ற கிறித்தவ சமூகத்தார் ஊர் ஊராகப் பண்ணைகளில் ஒன்றாகவே வாழ்கிறார்கள், ஒரே கூடத்தில் பந்தி போட்டுச் சாப்பிடுகிறார்கள். கிட்டத்தட்ட நம் கூட்டுக்குடும்பம்தான், சற்றுப் பெரியது. 2008 கடைசியில் இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளைப் பிரித்து, சிலவற்றில் பிள்ளைகளுக்கு மட்டும் ஃப்ளூ ஊசி போட்டார்கள், மற்றவற்றில் பிள்ளைகளுக்கு வேறொரு ஊசி. ஃப்ளூ ஊசி போட்ட ஊர்களில், ஊசியே போடாத பெரியவர்களுக்கும் ஃப்ளூ 61 சதவீதம் குறைந்தது. வீட்டுக்குள் அதைத் தூக்கிக்கொண்டு வருவது பிள்ளைகள். அந்தக் கதவைச் சாத்தினால் தாத்தாவுக்கும் காவல்.

ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். செப்டம்பருக்குள் போட்டுவிடுவது உத்தமம், மழை தொடங்கிய பிறகு போட்டாலும் வீண் இல்லை. உங்கள் பிள்ளைகள் இருவருமே 9 வயதுக்குக் கீழே. இதுதான் முதல் தடவை என்றால் நான்கு வாரம் இடைவெளி விட்டு இரண்டு ஊசி போட வேண்டும். முதல் ஊசி போட்ட அன்றே இரண்டாவதன் தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பாதிப் பேர் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.